வலிக்காத வீக்கம்: நிணநீர்த் தேக்கத்தின் தொடக்க அறிகுறிகள்

கரும்பலகையில் எழுதும்போது வலது கை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆசிரியை என்னிடம் வந்தார். வலது மார்பகத்தில் வந்த புற்றுநோய்க்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, அதன்பின் கதிர்வீச்சும் பெற்றவர். நோய் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் இருந்தவருக்கு, அந்தப் பழைய அறுவை சிகிச்சையையும் இந்தக் கனத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். வீங்கியிருக்கிறதா என்று கேட்டதற்கும் இல்லை என்றுதான் சொன்னார். பிறகு பேச்சுவாக்கில், வலது கை மோதிரம் இறுக்கமாகிவிட்டதால் அதை இடது கைக்கு மாற்றிப் போட்டு நான்கு மாதம் ஆகிறது என்றும், மாலையில் சட்டைக் கையின் தையல் தோலில் கோடாகப் பதிந்துவிடுகிறது என்றும் சொன்னார்.

அளவு நாடாவை எடுத்து, இரு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவைக் குறித்துக்கொண்டே போனேன். முன்கையில் வேறுபாடு சொற்பம். முழங்கையைத் தாண்டியதும் வலது கை 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாக இருந்தது. அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கை சற்றுப் பருத்திருப்பது இயல்புதான். ஆனால் அந்த வேறுபாடு பொதுவாக இவ்வளவு இருப்பதில்லை, நான்கே மாதத்தில் புதிதாக முளைப்பதும் இல்லை. அவருக்கு வந்திருந்தது நிணநீர் வீக்கத்தின் தொடக்க நிலை. வீக்கம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே உடல் அதை உணர்த்தத் தொடங்கிவிடுகிறது என்பதும், வலி இல்லை என்ற ஒரே காரணத்தால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம் என்பதும் இந்தத் துறையில் நான் அன்றாடம் காணும் துயரம்.

நிணநீர் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு என்று சொல்லித் தொடங்குவேன். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் இடைவிடாமல் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. அவ்வாறு கசிந்ததைத் திரட்டி, வழியிலுள்ள கணுக்களில் வடிகட்டி, கிருமிகளை அங்கேயே தடுத்து, கழுத்தின் அடியிலுள்ள பெரிய சிரைகளில் மீண்டும் இரத்தத்தோடு சேர்ப்பதே நிணநீர்க் குழாய்களின் வேலை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் வரை இப்படி இரத்தத்துக்குத் திரும்புகிறது. இந்த ஓட்டத்தை உந்தித் தள்ள இதயம்போல் தனி உறுப்பு எதுவும் இல்லை. குழாய்ச் சுவர்களின் மெல்லிய சுருக்கமும், பின்னோக்கி வழியாமல் தடுக்கும் வால்வுகளும், நாம் நடக்கும்போது தசைகள் தரும் அழுத்தமும், ஆழ்ந்த மூச்சும் சேர்ந்துதான் அதை மேலே ஏற்றுகின்றன. 1622-ல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, ஒரு நாயின் குடலைத் தாங்கும் சவ்வில் பால்போன்ற வெண்ணிறக் குழாய்களைக் கண்டு இந்த அமைப்பை முதலில் விவரித்தார்; இரத்த ஓட்டத்தைப் பற்றி ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி எழுதிய நூல் வெளிவந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். அப்படியிருந்தும் மருத்துவப் படிப்பில் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பங்குகூட நிணநீருக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இந்தப் பாதையில் எங்கேனும் அடைப்போ குறையோ ஏற்பட்டால், நீரோடு புரதமும் திசுக்களில் தங்கிவிடுகிறது. மற்ற வீக்கங்களிலிருந்து இதை வேறுபடுத்துவது அந்தப் புரதம்தான். தேங்கிய புரதம் மேலும் நீரை ஈர்த்துக்கொள்ளும், அழற்சியைத் தூண்டும், நாளடைவில் அவ்விடத்தில் நாரிழைகளும் கொழுப்பும் படிந்து, மெத்தென்று இருந்த வீக்கம் கெட்டிப்பட்டுவிடும். ஒரு பக்கக் கால் வீக்கத்துக்காக, உறவினர் ஒருவருக்கு இதய நோய்க்கென்று எழுதித் தரப்பட்ட நீர் பிரியும் மாத்திரையை இரண்டு ஆண்டுகள் தாமாகவே விழுங்கிவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு நாள் வீக்கம் சற்று வடிந்ததுபோல் இருந்ததாம். அது நீரை மட்டுமே வெளியேற்றியது. புரதம் அங்கேயே இருந்தது. என்னிடம் வந்தபோது அவருடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தியும் குழி விழவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் வீக்கம் உள்ளே இறுகிக்கொண்டிருந்த ஆண்டுகள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். நிணநீர் வீக்கத்துக்கு அது எவ்விதத்திலும் உதவுவதில்லை.

காரணங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். நிணநீர்க் குழாய்கள் பிறவியிலேயே குறைவாகவோ கோளாறாகவோ அமைந்துவிடுவது முதல் வகை. 1892-ல் வில்லியம் மில்ராய் விவரித்த, பரம்பரையாக வரும் நோயில் குழந்தை பிறக்கும்போதே பாதங்கள் வீங்கியிருக்கும். இந்த வகையைச் சேர்ந்த வேறு சிலருக்குப் பருவமடையும் வயதிலும், இன்னும் சிலருக்கு 35 வயதுக்குப் பின்னும் வீக்கம் தலைகாட்டும். பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலேயே வருவதும் உண்டு என்பதால், பதினைந்து வயதுப் பெண்ணின் ஒரு கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தால் எங்கோ சுளுக்கியிருக்கும் என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது சரியாகாது.

நன்றாக இயங்கிவந்த குழாய்கள் பிற்பாடு சேதமடைவது இரண்டாம் வகை. பெரும்பாலான நோயாளிகள் இதில்தான் அடங்குவர். உலக அளவில் இதற்கு முதன்மைக் காரணம், கொசுக்கடியின் வழியே உடலுக்குள் நுழையும் ஃபைலேரியா புழுக்கள். யானைக்கால் என்று நாம் அறிந்திருப்பது இதன் முற்றிய நிலையை. இப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களுக்குள்ளேயே 6 முதல் 8 ஆண்டுகள் வரை வாழ்ந்து அவற்றை விரிவடையச் செய்து சிதைக்கின்றன. இந்நோய்ப் பரவலில் கொசுவுக்குள்ள பங்கை 1877-ல் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு ஆகவிருக்கும் இந்நாளிலும், வீங்கிய காலைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி ஒதுங்குவோர் இருக்கிறார்கள். தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, ஒரே படுக்கையைப் பயன்படுத்துவதாலோ இது பரவுவதில்லை. வீங்கிய கால் எல்லாம் யானைக்கால் என்று எண்ணுவதும் அதே அளவு தவறு. அந்தப் பெயருக்கு அஞ்சியே காலை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுபவர்கள் பலர். எரிமலை மண் நிறைந்த உயர்நிலப் பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலுடன் உழைப்பவர்களுக்கு, மண்ணின் நுண்துகள்கள் தோல் வழியே ஏறி, புழு எதுவும் இல்லாமலே இத்தகைய வீக்கத்தை உண்டாக்குவதுண்டு.

ஃபைலேரியா இல்லாத நாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையே முதன்மைக் காரணம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை முழுமையாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. முதலில் நிணநீர் சென்றடையும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் அது ஏறத்தாழ இருபதில் ஒருவராகக் குறைகிறது. கருப்பை வாய், விரை, புராஸ்டேட், தோல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கான சிகிச்சைக்குப் பின் கால்களிலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ வீக்கம் தோன்றலாம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பின் முகமும் தாடையின் அடிப்பகுதியும் வீங்கலாம். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும் என்றாலும், பத்து இருபது ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு. அந்த ஆசிரியைக்கு ஆறு ஆண்டுகள் அமைதியாகக் கடந்திருந்தன. மிகையான உடல் பருமன், நீண்டநாள் சிரை நோய், திரும்பத் திரும்ப வரும் தோல் தொற்று, பெருங்காயம், நடமாட்டமின்றிக் கிடப்பது ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

அறிகுறிகள் படிப்படியாக வருபவை. முதல் கட்டத்தில் குழாய்கள் சேதமடைந்திருந்தாலும் வீக்கம் இருக்காது. கனமும், தோல் இழுத்துப் பிடிப்பதுபோன்ற இறுக்கமும், மோதிரமோ செருப்பு வாரோ வழக்கத்தைவிட ஆழமாகப் பதிவதும் மட்டுமே தென்படும். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட இது இப்படியே நீடிக்கும். அடுத்து, மாலையில் வீங்கி, உயர்த்தி வைத்துப் படுத்தெழுந்தால் காலையில் வடிந்துவிடும் வீக்கம் வரும். காலையில் வடிந்துவிடுகிறதே என்று மனம் தேறிக்கொள்ளும் இந்தக் கட்டத்தில்தான் பலர் பொன்னான காலத்தை இழக்கிறார்கள். பின்னர் உயர்த்தி வைத்தாலும் வடியாத நிலை வரும். விரல்களின் மேற்புறமும் புறங்காலும் உப்பும். திசு இறுக இறுக, அழுத்தினால் குழி விழுவதும் குறைந்துகொண்டே போகும். இறுதி நிலையில் தோல் தடித்துச் சொரசொரப்பாகி, மருக்கள்போன்ற புடைப்புகள் எழுந்து, சில வேளை தோலிலிருந்து தெளிந்த நீர் கசியத் தொடங்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976-ல் விவரித்தது. கால் கட்டைவிரலை அடுத்த விரலின் அடியில், மேற்புறத் தோலை உங்கள் ஆள்காட்டி விரலாலும் பெருவிரலாலும் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மெல்லிய மடிப்பாக எளிதில் எழும்பினால் இயல்பான தோல். தடிப்பாக, பிடியில் அகப்படாமல் நழுவினால் நிணநீர் வீக்கம் இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. கையில் நடுவிரலின் அடியில் இதையே செய்யலாம். மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் தோல் எளிதாக எழும்பிவிட்டால் நோயே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆசிரியையின் விரலில் அன்று அது எளிதாகத்தான் எழும்பியது.

எல்லா வீக்கமும் நிணநீர் வீக்கம் ஆகிவிடாது என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும். இரு கால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் கணுக்காலை வீங்கச் செய்யும். ஒரே கால் திடீரென்று வலியோடு வீங்கினால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதற்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்றுநோய் குணமாகிப் பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக வீக்கம் வந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்பதைச் சோதித்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும். ஆசிரியைக்கும் அந்தச் சோதனைகள் முடிந்து, சந்தேகப்பட எதுவும் இல்லை என்று அறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்கினேன்.

இந்நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. கட்டுக்குள் வைக்கும் வழிகள் தெளிவாக உள்ளன. தோல் பராமரிப்பு, தோலை மெல்ல வருடித் தேங்கிய நிணநீரை நகர்த்தும் கைமுறை நிணநீர் வடிப்பு, பல அடுக்கு பேண்டேஜ் அல்லது அளவெடுத்துத் தைத்த அழுத்த உறை, உடற்பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்ததே சிகிச்சை. வீங்கிய இடத்தை அழுத்திப் பிசைந்து எண்ணெய் தேய்ப்பது இதில் சேராது. பலம் கொடுத்துத் தேய்த்தால் மெல்லிய குழாய்கள் மேலும் சேதமடையலாம். கையில் எடையே தூக்கக் கூடாது என்று முன்பு சொல்லிவந்தோம். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு, கண்காணிப்புடன் படிப்படியாகக் கூட்டிய எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை என்றும், நோய் திடீரெனத் தீவிரமாவதைக் குறைத்தது என்றும் காட்டியது. அந்த ஆசிரியை பகலெல்லாம் அழுத்த உறை அணிந்து, பயிற்சிகளை விடாமல் செய்தார். மூன்று மாதத்தில் வேறுபாடு 1 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தது. மாத்திரை விழுங்கிவந்தவருக்கும் பயன் கிடைத்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு தேவைப்பட்டது, இறுகிய பகுதி முழுவதும் இளகவும் இல்லை.

இறுதியாக, தொற்று. தேங்கிய நிணநீர் உள்ள உறுப்பில் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைவு என்பதால், விரலிடுக்கில் வெந்த புண்ணோ, நகம் வெட்டும்போது பட்ட கீறலோ, பூச்சிக்கடியோ போதும். சில மணி நேரத்துக்குள் தோல் சிவந்து, சூடேறி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்துவிடலாம். ஒவ்வொரு தொற்றும் எஞ்சியிருக்கும் குழாய்களையும் சிதைப்பதால் வீக்கம் கூடும், வீக்கம் கூடக்கூட அடுத்த தொற்று எளிதாகும். எனவே தினமும் இரவு கால் விரலிடுக்குகளைச் சோப்பு நீரால் கழுவி, ஈரமின்றித் துடைத்து, வெடிப்பும் புண்ணும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சிவப்பும் காய்ச்சலும் தோன்றினால் அழுத்த உறையைக் கழற்றிவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம், இது ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள உறுப்பு என்பதையும், எப்போதிலிருந்து என்பதையும், இதற்கு முன் எத்தனை முறை இப்படிக் காய்ச்சல் வந்தது என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.