"ஓம்" சொல்ல எடுக்கும் நேரம்

சித்திரை மாதத்தில் ஒருநாள் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வீடியோவில் கதைத்தார். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி அம்மா கேட்டார்: "தம்பி, இந்தமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருவியோ?" கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. "ஓம் அம்மா, வாறன்." கதைத்து முடிந்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அவனுக்கு மனமில்லைப் பிள்ளை" என்றார்.

அண்ணா சொன்ன சொல்லில் ஒரு குறையும் இல்லை. அம்மா கணக்கெடுத்தது அதற்கு முன்னால் இருந்த இடைவெளியை.

"ஆம்" என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" ஒரே சொல்லாக இருந்தாலும் அதற்குப் பல வேலைகள். வெடுக்கென்று "ஓமோம்" என்றால் முழுச் சம்மதம். "ஓ...ம்" என்று இழுத்தால் பிறகு பாப்பம் என்று அர்த்தம். முடிவில் குரலை உயர்த்தினால் அதுவே கேள்வி. இவற்றை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைகூடத் தாயின் இழுத்த "ஓ...ம்" கேட்டதும் சிணுங்கத் தொடங்கிவிடும்.

இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தான்யா ஸ்டைவர்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு பத்து மொழிகளைப் பார்த்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு மக்கள் சராசரியாக 200 மில்லி வினாடி அளவில் பதில் சொன்னார்கள். அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியரின் சராசரி 7 மில்லி வினாடி, டேனிஷ்காரரின் சராசரி 469. சம்மதம் சீக்கிரம் வந்தது, மறுப்பு பிந்தி வந்தது.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே 600 மில்லி வினாடி அளவு ஆகும். அப்படியென்றால் 200இல் எப்படிப் பதில் வருகிறது? எதிரே இருப்பவர் முடிக்கும் முன்பே எங்கள் மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அவர் முடிக்கப்போகிறார் என்பதற்கு அடையாளங்கள் உண்டு: கடைசி அசை நீளும், குரலின் ஏற்ற இறக்கம் மாறும், காற்றில் ஆடிய கை மடிக்குத் திரும்பும். பேசும்போது வேறெங்கோ பார்த்த கண் முடிக்கும்போது கேட்பவரிடம் திரும்புவதை ஆடம் கெண்டன் 1967இலேயே கவனித்து எழுதினார். தமிழில் "வருவியோ" என்பதன் கேள்வி ஒலி கடைசியில்தான் இருக்கிறது. அதுவரை காத்திருந்தால் நேரம் போய்விடும். குரலும் கண்ணும் முந்திச் சொல்லிவிடுவதால்தான் சமாளிக்கிறோம்.

மனிதர் பேசுவதில் 93 விழுக்காடு உடல்மொழிதான் என்று அடிக்கடி சொல்வார்கள். அது சரியில்லை. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளில் இருந்து வந்த எண் அது. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துக் கணிக்கிறோம் என்றுதான் அவர் பார்த்தார். பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கண்ணாலும் கையாலும் சொல்லிவிட முடியாது.

சரி, அண்ணாவின் பதில் ஏன் பிந்தியது? யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்கோட்டில் பார்த்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். இணையக் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். கேள்வி போய்ப் பதில் வர 130 மில்லி வினாடியாவது வேண்டும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. குரலைத் துண்டு துண்டாக்கி அனுப்பி, அங்கே சேர்த்துக் கேட்க வைப்பதற்கும் நேரம் எடுக்கும். அண்ணா உடனே சொன்ன "ஓம்" கோப்பாய்க்கு வந்து சேரும்போது தயங்கிச் சொன்னதுபோல் ஆகிவிடும். இப்படித் தாமதமாகும் இணைப்பில் பேசியவர்கள், எதிரே இருப்பவருக்குக் கவனம் குறைவு என்று எண்ணியதை 2014இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்று காட்டியது. குற்றம் கம்பியில், பழி ஆளில்.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆனால் கொடியேற்றத்துக்கு முதல்நாளே அண்ணா வந்து இறங்கினார், இருபத்தைந்து நாளும் நின்றார்.

தீர்த்தம் முடிந்த பின்னேரம் அதே விறாந்தையில் அம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டார்: "இன்னும் ரெண்டு கிழமை நிப்பியோ?"

அண்ணா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு, "ஓம் அம்மா, பாப்பம்."

இந்தமுறை இடையில் கேபிள் எதுவும் இல்லை. அம்மா வேறொன்றும் கேட்காமல், அவர் கொண்டுபோகப் பனங்கட்டி சுற்றிவைக்க எழும்பிப் போனார்.