வளையப் பாதையில் காற்று வைக்கும் கடன்

சிற்றூர்களைத் தொட்டுக்கொண்டு 200 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மிதிவண்டிப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் வாசகர் ஒருவர், “பாதை வளையம்தானே, எதிர்க்காற்றில் இழந்த நேரத்தைப் பின்காற்றில் மீட்டுவிடலாம் அல்லவா?” என்று கேட்டிருக்கிறார். மீட்க முடியாது, கொஞ்சம் கடன் எப்போதும் பாக்கி நிற்கும்.

வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். காற்றில்லாத நாளில், சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 150 வாட்டுக்குச் சற்றுக் குறைவான திறன் போதும். அதில் முக்கால் பங்கைக் காற்றுத்தடையே விழுங்கிவிடுகிறது. அதே திறனில், 15 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகமும், பின்காற்றில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகமும் கிடைக்கும். இவ்விரண்டின் சராசரி 31 என்பதால் லாபம் போலத் தோன்றும். ஆனால், முதல் 100 கிலோமீட்டருக்கு 4 மணி 35 நிமிடமும் அடுத்த 100 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரமும் ஆகும். காற்றில்லாத நாளைவிட 25 நிமிடம் தாமதம். தொலைவில் பாதியே எதிர்க்காற்று என்றாலும் நேரத்தில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. “காற்று எனக்கு மட்டும் எப்போதும் எதிரேதான் வீசுகிறது” என்று ராசியை நொந்துகொள்பவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தை நொந்துகொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பக்கக்காற்று. சாலைக்குச் செங்குத்தாக, இம்மியளவும் எதிர்ப்புறச் சாய்வின்றி 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. நாம் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம். நம் உடல் உணரும் காற்று இவ்விரண்டின் கர்ணம்: ஏறத்தாழ 33.5. காற்றுத்தடை அந்த 33.5-இன் இருமடிக்கு (33.5 × 33.5) ஏற்ப வளர்ந்து, சாய்வாக நம்மைத் தள்ளுகிறது. அந்த விசையில் நமக்கு நேர் எதிராக அமையும் பங்கு 33.5-க்கு 30. ஆகவே 30-ஐ 30-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 33.5-ஐ 30-ஆல் பெருக்குகிறோம். தடை 12 சதவீதம் கூடிவிடுகிறது. எதிரே வீசாத காற்று எதிர்த்து நிற்கிறது! உடலின் வடிவம் எல்லாக் கோணங்களிலும் ஒன்றே என்று எளிமைப்படுத்திக் கணக்கிட்டால், காற்று நம் முகத்துக்கு நேரான திசையிலிருந்து 97 பாகைக்கு மேல் விலகி வந்தால்தான் உதவத் தொடங்கும். 360 பாகையில் 194 பாகை நமக்குப் பகை, மிச்சமுள்ள 166 மட்டுமே நட்பு என்பதால், வட்டமாகச் சுற்றி வருபவருக்கு நேரக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே திசைக் கணக்கிலேயே நட்டம்.

மலையும் இப்படித்தான். 6 சதவீதச் சரிவில் 10 கிலோமீட்டர் ஏற 200 வாட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிதிக்காமல் இறங்கினால் 55 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று விடாது. சேமித்த நிலையாற்றலில் பெரும்பகுதி காற்றைக் கலக்குவதில் கரைகிறது. வண்டியின் எடையில் 200 கிராம் குறைக்கப் பெருந்தொகை செலவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பே வரும். 1000 மீட்டர் உயரம் ஏறும்போது அது மிச்சப்படுத்துவது 10 வினாடி.

எனவே, வரைபடத்தில் ஊர்களுக்கு இடையிலான தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணி நேரத்தில் அளப்பது நல்லது. வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பவருக்கு முக்கால் லிட்டர்க் குப்பிகள் இரண்டும் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும்: பின்காற்றில் 60 கிலோமீட்டர், எதிர்க்காற்றில் 33 கிலோமீட்டர். உணவுக் கணக்கு எளிது. தசையின் செயல்திறன் நான்கில் ஒரு பங்கை ஒட்டியிருப்பதால், மிதித்த ஒவ்வொரு கிலோஜூலுக்கும் உடல் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி எரிக்கிறது. இந்தப் பயணத்துக்குச் சுமார் 3,700 கிலோகலோரி வேண்டும். உடலில் கிளைக்கோஜனாக, அதாவது தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்தாக, இருப்பது பொதுவாக 2,000-ஐத் தாண்டாது. கொழுப்பு கைகொடுத்தாலும், வழியூர்களில் உண்ணாமல் முடியாது.

வெயில் ஏறியதும் சூடான தரைக்காற்று மேலெழ, உயரத்தில் விரைந்தோடும் காற்று அதன் இடத்தில் கீழிறங்கிக் கலப்பதால், உள்நாட்டுச் சமவெளிகளில் பிற்பகலில் காற்று வலுக்கும். எதிர்க்காற்றுப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடும் வகையில் சுற்றும் திசையைத் தேர்ந்தெடுங்கள். வானிலை அறிவிப்பு சொல்லும் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது. மிதிவண்டியின் உயரத்தில் அது குறையும், மரங்களும் வீடுகளும் உள்ள இடங்களில் இன்னும் குறையும், திறந்த வயல்வெளியில் அவ்வளவாகக் குறையாது.

கடனை அடைக்க முடியாவிட்டாலும் சிறிது குறைக்கலாம். எதிர்க்காற்றில் 10 வாட் கூட்டியும் பின்காற்றில் 17 வாட் குறைத்தும் மிதித்தால், மொத்த ஆற்றல் கூடாமலேயே மூன்று நான்கு நிமிடம் மிச்சமாகும். பின்காற்று கிடைத்ததும் உற்சாகத்தில் வண்டியை விரட்டுபவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்.