மொட்டு வைத்தும் மலராத கொடி

வீட்டுக்குள் வளர்க்கும் பேஷன் ஃப்ளவர் கொடி, அதாவது கிருஷ்ணகமலம், பூக்கவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் ஒரு லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து நாலைந்து இலை தள்ளி, இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையைப் பாருங்கள். பற்றுக்கம்பியின் அடியில் கடுகைவிடச் சிறிதாக ஒரு பச்சைப் புள்ளி பல நேரம் தட்டுப்படும். அதுதான் மொட்டு. சில நாள் கழித்துப் பார்த்தால் பழுப்பேறிக் காய்ந்திருக்கும், அல்லது உதிர்ந்தே போயிருக்கும். கொடி பூக்கத்தான் தொடங்கியது. கட்டுப்படியாகாமல் பாதியில் கைவிட்டுவிட்டது.

பூவும் பற்றுக்கம்பியும் ஒரே மூலையில் முளைப்பதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகமலம் சேர்ந்த பாசிஃப்ளோரா இனத்துக் கொடிகளில் பற்றுக்கம்பி என்பதே பூங்கொத்தின் ஒரு பகுதி உருமாறி வந்த உறுப்பு. தொட்டால் அரை நிமிடத்தில் அது வளையத் தொடங்குவதை சார்லஸ் டார்வின் இந்தக் குடும்பத்துக் கொடி ஒன்றில் நேரம் பார்த்துக் குறித்திருக்கிறார். விதையில் முளைத்த கன்றுக்குத் தொடக்கத்தில் பற்றுக்கம்பி இருக்காது. இதே இனத்தில் பழத்துக்காக வளர்க்கும் பேஷன் பழக் கொடியில் இலைகூட மடல் பிரியாமல் முழுசாக இருக்கும். அந்தக் கன்றிடம் பூவை எதிர்பார்ப்பது வீண். பொறுமை இல்லாதவர்கள் ஏற்கெனவே பூத்த கொடியிலிருந்து குச்சி வெட்டி வேர்விட வைக்கலாம். குழந்தைப் பருவத்தைத் தாண்டிய தண்டு அது.

சரி, வயது வந்த கொடி ஏன் மொட்டைக் கைவிடுகிறது? செலவைப் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் ஒரு பூ மலர்ந்திருப்பது ஒரே ஒரு நாள். அதற்காக இதழ் போன்ற பத்து உறுப்புகள், வட்டம் வட்டமாக வண்ண இழைகள், ஐந்து மகரந்தத்தாள்கள், மூன்று சூல்முடிகள், போதாததற்குத் தேன் வேறு. இத்தனையும் ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையிலிருந்து வரவேண்டும். வரவு குறைந்தால் முதலில் பலியாவது மொட்டுதான்.

வரவு குறைவது நமக்குத் தெரியாமல் போவதற்கு நம் கண்தான் காரணம். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் உச்சி வெயில் சுமார் 1,00,000. ஜன்னல் ஓரத்தில் சில ஆயிரம். அறையின் நடுவில் சில நூறு. கண்ணின் பாவை விரிந்து ஈடுகட்டிவிடுவதால் அறை 'நல்ல வெளிச்சமாக' இருப்பதாக நினைக்கிறோம். இலைக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே தொட்டியை நேரடி வெயில் விழும் ஜன்னலை ஒட்டியே வையுங்கள். முடியாவிட்டால் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கைக் கொடிக்கு நெருக்கமாகத் தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடலாம். பேஷன் பழக் கொடி நீண்ட பகலில் பூப்பது என்பதால் நேரமும் முக்கியம். குளிர்காலத்தில் வெளிச்சமில்லாத வெதுவெதுப்பான அறைதான் மோசம். வெப்பத்தில் சுவாசம் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும், வரவோ இராது. கொடி வெளிறி நூலாக நீளும். நீலப் பூ வகையை (பாசிஃப்ளோரா செருலியா) அந்த மாதங்களில் 10 டிகிரி செல்சியஸ் அளவில், தண்ணீரைக் குறைத்து ஓய்வெடுக்க விடுவது நல்லது.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலையாகவே தள்ளும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய உரத்தை, கொடி வளரும் மாதங்களில் மட்டும் கொடுங்கள்.

கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவதுதான் பலருக்குப் பயம். பூ வருவது புதுத் தளிரில் என்பதால், பழைய தண்டைப் பத்திரப்படுத்துவதில் லாபமில்லை. நுனியில் உருவாகிக் கீழிறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் பக்க அரும்புகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளினாலும், தண்டை வளையத்தில் படுக்கையாகச் சுற்றினாலும் அந்தப் பிடி தளர்ந்து பக்கக் கிளைகள் வெடிக்கும். பருவத் தொடக்கத்தில் வெட்டிவிட்டு அப்புறம் கத்தரியை ஒளித்து வைத்துவிடுங்கள்; நடுவில் கிள்ளும் ஒவ்வொரு நுனியோடும் அதில் வரவேண்டிய பூக்களும் போகும்.

ஒருமுறை இலைக்காம்பில் பளபளவென்று துளிகளைப் பார்த்துப் பூச்சிதான் என்று முடிவுகட்டி ஒரு வாரம் சோப்புக் கரைசல் தெளித்தேன். துளி மறுபடி மறுபடி வந்தது. நாக்கில் வைத்தபோது இனித்தது. காம்பிலேயே உள்ள தேன்சுரப்பிகள் அவை; காட்டில் எறும்புகளுக்குக் கொடுக்கும் காவல் கூலி. உண்மையான எதிரி செஞ்சிலந்திப் பேன். வறண்ட அறைக்காற்றில் பெருகும். வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகளாக விழும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை நீரால் பீய்ச்சிக் கழுவினாலே பாதி அடங்கிவிடும். இலை மஞ்சளாகித் துவண்டால் உடனே தண்ணீர் ஊற்றாமல் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது வேரழுகல். மொட்டு வந்த தொட்டியை இடம் மாற்றவும் வேண்டாம்.

பூ மலர்ந்ததும் சூல்முடிகள் மேல்நோக்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் மெல்ல வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கும். பழமும் வேண்டுமென்றால் தூரிகையோடு அதுவரை காத்திருக்க வேண்டும். நீலப் பூ வகையாக இருந்தால் மகரந்தத்தை இன்னொரு கொடியிலிருந்து கொண்டுவாருங்கள். தன் மகரந்தத்தை அது ஏற்காது.