இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு குழி

மும்பை மாட்டுங்காவிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்காக என் அக்கா மகனுக்கு அஸ்பராஜினேஸ் ஊசி போடுகிறார்கள். அது அஸ்பராஜினை அழிக்கும் மருந்தாம். உருளைக்கிழங்கில் அஸ்பராஜின் நிறைய உண்டென்று படித்தேன். அவனுக்கு உருளைக்கிழங்கு வைத்த வடா பாவை நிறுத்திவிடவா?"

இந்தக் காரணத்துக்காக நிறுத்த வேண்டியதில்லை. (கிருமித்தொற்றுக்கு அஞ்சித் தெருக்கடைப் பண்டங்களை மருத்துவர் தடுத்திருந்தால் அது வேறு.) அஸ்பராஜின் நம் உடலே தயாரித்துக்கொள்ளும் அமினோ அமிலம், பத்தியம் இருந்து அதை இரத்தத்திலிருந்து ஒழிக்க முடியாது. லுக்கேமியாவின் லிம்போ வகைச் செல்கள் பெரும்பாலும் அதைப் போதிய அளவு தயாரிக்க இயலாமல் இரத்தத்தில் மிதந்து வருவதையே நம்பிப் பிழைக்கின்றன. மருந்து அச்செல்லுக்குள் நுழைவதே இல்லை, இரத்தத்தில் இருந்தபடியே அதன் உணவைத் தீர்த்துவிடுகிறது.

1953-இல் ஜான் கிட், எலிகளின் கட்டிகள் கினிப் பன்றிச் சீரத்தால் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கரைவதைக் கண்டார். அதிலிருந்த அஸ்பராஜினேஸே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. வேறொரு சோதனைக்குத் துணைப்பொருளாகவே அந்தச் சீரத்தை அவர் வைத்திருந்தார். "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் நிதிக்குழுக்களிடம் அந்தச் சோதனை தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அஸ்பராஜினேஸ் ஒரு நொதி, அதாவது வினையை விரைவுபடுத்தும் புரதம். இன்று பரவலாகப் பயன்படுவது ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து வருகிறது. தலா 326 அமினோ அமிலங்கள் கொண்ட, அச்சு அசலாக ஒரே மாதிரியான நான்கு சங்கிலிகள் சேர்ந்தது அது. ஒவ்வொரு சங்கிலிக்கும் சொந்தமாக, வினை நடக்கும் குழி ஒன்று இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் குழியின் ஒரு சுவர் ஒரு சங்கிலியுடையது, எதிர்ச்சுவர் பக்கத்துச் சங்கிலியுடையது, ஆகவே தனித்து நிற்கும் சங்கிலியால் எதுவும் ஆகாது. குழியின் வாயில் வளைந்து கொடுக்கும் ஒரு மூடி இருக்கிறது. வினையைத் தொடங்கும் 12-ஆவது அமினோ அமிலமான திரியோனின் அந்த மூடியிலேயே அமர்ந்திருக்கிறது. அஸ்பராஜின் உள்ளே வந்ததும் மூடி சாத்திக்கொள்ள, திரியோனினின் ஆக்சிஜன் அஸ்பராஜினின் பக்கக்கிளையிலுள்ள கார்பனைப் பற்றுகிறது. அம்மோனியா கழன்று போகிறது. மிச்சம் திரியோனினோடு சிறிது நேரம் ஒட்டியிருக்கும், பிறகு ஒரு நீர் மூலக்கூறு அதை வெட்டி அஸ்பார்டிக் அமிலமாக விடுவிக்கும். மூடி திறந்து அடுத்ததற்குத் தயாராகும்.

இந்த வேலை உடலுக்குள்தான் நடக்கும் என்றில்லை. ஊசி போட்ட குழந்தையிடமிருந்து எடுத்த இரத்தத்தில் அஸ்பராஜினையோ அம்மோனியாவையோ அளப்பதானால், குழாயை உடனே பனிக்கட்டியில் புதைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் போகும் வழியிலேயே நொதி குழாய்க்குள் வேலையைத் தொடர்ந்து, அளவு பிசகிவிடும்.