பிளேக்: படிவு அல்ல, அழிதிட்டு

ஹெர்பிஸ் வைரஸ் அசைக்ளோவிர் மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு 'பிளேக் ரிடக்‌ஷன்' (plaque reduction) என்று பெயர். இதைப் 'படிவுக் குறைப்பு' என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும்.

பிளேக் பிரெஞ்சுச் சொல். தகடு என்று பொருள். ஒட்டுவதைக் குறிக்கும் பழைய டச்சு வினையிலிருந்து வந்தது. பல்லில் ஒட்டும் காரைக்கும் ரத்தக்குழாயில் ஒட்டும் கொழுப்புக்கும் பெயர் பொருந்துகிறது. வைரஸ் ஆய்விலோ எதுவும் படிவதில்லை. இருந்த செல்கள் அழிந்து வெற்றிடம் விழுகிறது. 1917-இல் நுண்ணுயிரியலாளர் டெரெல் பாக்டீரியாப் படலத்தில் கண்ட தெளிந்த புள்ளிகளும், 1952-இல் வைரஸ் ஆய்வாளர் டல்பெக்கோ விலங்குச் செல் படலத்தில் எண்ணியவையும் இந்த ஓட்டைகள்தான்.

குழித்தட்டின் அடியில் வீரோ செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) இடைவெளியின்றிப் பரவியதும், குழிக்கு ஐம்பது, நூறு பிளேக் விழும் அளவுக்கு வைரஸ் விடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மருந்தை வெவ்வேறு செறிவில் கலந்த மெத்தில்செல்லுலோஸ் கூழை மேலே ஊற்றி, 37 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். கூழ் கெட்டியாக இருந்தால்தான் வைரஸ் பக்கத்துச் செல்லுக்கு மட்டும் தாவும். பிறகு ஃபார்மலினில் நிலைப்படுத்தி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றினால் ஊதாப் படலத்தில் வெள்ளை வட்டங்கள் பளிச்சென்று தெரியும்.

மருந்தில்லாக் குழியோடு ஒப்பிட்டு, வட்டங்களைப் பாதியாக்கும் மருந்துச் செறிவைக் கணக்கிட வேண்டும். அசைக்ளோவிரில் அது மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமை எட்டினால் எதிர்ப்பு வைரஸ் என்று கொள்வது வழக்கம். செல் வகை மாறினால் இந்த எண்ணும் மாறும். அதனால் அடங்கும் வைரஸ் ஒன்றையும் எதிர்க்கும் வைரஸ் ஒன்றையும் கூடவே வைத்துப் பார்க்காத முடிவை நம்பக் கூடாது. வைரஸைக் கூடுதலாக விட்டால் வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பாதியாக்கும் செறிவும் பொய்யாக ஏறும். கூழ் நீர்த்திருந்தாலோ தட்டை ஆட்டினாலோ வட்டத்துக்கு வால் முளைக்கும். அதையும் எண்ணுவது வீண்.

ஆகவே 'அழிதிட்டு' என்பதே சரி. அழிந்த, அழிகிற, அழியும் திட்டு என மூன்று காலமும் காட்டும் வினைத்தொகை. திட்டு என்றால் மேடு அல்லவா என்று கேட்கலாம். தோலில் விழும் வெண்திட்டில் மேடு ஏது? சோதனை 'அழிதிட்டுக் குறைவுச் சோதனை'. வைரஸை அளக்கும் அலகு 'அழிதிட்டு ஆக்கும் அலகு'.