படிகத்துக்கு வைக்கும் முன் குளோரோபார்மைச் சோதியுங்கள்

துத்தநாகப் போர்பைரின் (நடுவில் துத்தநாக அணுவைப் பிடித்துள்ள வளைய மூலக்கூறு) என்று பெயர்ச்சீட்டு ஒட்டி எக்ஸ்ரே ஆய்வுக்கு வரும் குப்பியில், துத்தநாகமே இல்லாத வெற்றுப் போர்பைரின் படிகங்கள் இருப்பதை மீண்டும் மீண்டும் காண்கிறேன். இரண்டும் ஊதா நிறப் படிகங்கள் என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. உலோகத்தை வெளியேற்றியது கரைப்பானாகிய குளோரோபார்மில் இருந்த அமிலம்.

"புதிய பாட்டில்தான், பிஎச் தாளும் நிறம் மாறவில்லை" என்பதே எப்போதும் கிடைக்கும் பதில். உலர்ந்த பிஎச் தாளைக் குளோரோபார்மில் நனைத்தால் அது எதையும் சொல்லாது, ஏனெனில் அந்தத் தாள் நீர்க்கரைசலுக்கானது. குளோரோபார்மைச் சம அளவு வாலை வடிநீருடன் குலுக்கி, மேலே நிற்கும் நீரடுக்கைச் சோதியுங்கள்; காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடால் வடிநீரே சற்று அமிலமாக இருக்கும் என்பதால், அதே நீரைத் தனியாகவும் சோதித்து ஒப்பிடுங்கள். ஒளியும் காற்றும் பட்டால் குளோரோபார்ம் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலமும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் உண்டாகும். அதைத் தடுக்கத்தான் 0.5 முதல் 1 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். செம்பு, நிக்கல் போர்பைரின்கள் இந்தச் சிறு அமிலத்தைத் தாங்கிவிடுவதால், அவற்றோடு பழகியவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். படிகம் வளர்வதற்காக மெத்தனால் மெல்லப் பரவும் குப்பியில் அமிலத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

தீர்வு எளியது. பாஸ்டர் பிப்பெட்டில் (மெல்லிய கண்ணாடிச் சொட்டுக்குழாய்) சிறிது பஞ்சை அடைத்து, அதன்மேல் சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் அமிலத்தைப் பிடிக்கும் கார அலுமினாத் தூளை நிரப்பி, பயன்படுத்தும் நேரத்தில் குளோரோபார்மை அதன் வழியே வடியுங்கள். அலுமினா எத்தனாலையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், வடித்த கரைப்பானைத் தயவுசெய்து சேமித்து வைக்காதீர்கள். காப்பு இல்லாத குளோரோபார்ம் மறுபடியும் பாஸ்ஜீனை உண்டாக்கும். அனைத்தையும் புகைப்போக்கிப் பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள்.

இதற்கு மாற்றாக ஒரு துளி டிரைஎத்திலமீன் என்ற காரத்தைச் சேர்ப்பது தீர்வாகாது. அமிலம் நடுநிலையாவது உண்மைதான். ஆனால் அப்போது உண்டாகும் உப்பு கரைசலிலேயே தங்கி, அழகான நிறமற்ற படிகங்களாக வளர, அவற்றையும் ஆய்வுக்குக் கொண்டுவருகிறார்கள். பிரிடின் என்ற இன்னொரு காரமோ துத்தநாகத்தோடே பிணைந்து வேறொரு சேர்மத்தைத் தந்துவிடும்.

மெக்னீசியம் போர்பைரின் இன்னும் மென்மையானது. பிரித்தெடுக்கப் பயன்படும் சிலிக்கா ஜெல்லின் அமிலத்தன்மையே அதன் உலோகத்தைப் பறிக்கப் போதும். 6 சதவீதம் நீர் சேர்த்துச் செயல்திறன் குறைத்த, மூன்றாம் தர அலுமினாவில் பிரித்தெடுங்கள்.

அமிலத்தால் கரைசல் பச்சையாகும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் உலோகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்து 500 முதல் 700 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சு நிறமாலை பாருங்கள்: துத்தநாகம் இருந்தால் இரண்டு முதன்மைப் பட்டைகள், போயிருந்தால் நான்கு. அந்த நிறமாலையையும் படிகத்தோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.