டேம்பர் புல்லியை மாற்றும் முன், மாற்றும்போது

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கினால், உடனே கிராங்க் புல்லியை (இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்; நடுவே ரப்பர் வைத்ததுதான் டேம்பர் புல்லி) மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. பல வண்டிகளில் அது வீண் செலவு. ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, வரும் நடுக்கத்துக்கு முதல் சந்தேகம் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருப்பது. அடுத்தது, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருப்பது. இரண்டையும் பார்த்த பிறகே புல்லிக்கு வர வேண்டும்.

புல்லியின் வேலை வேறு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு சிலிண்டர்கள் எரிகின்றன. 800 ஆர்பிஎம் ஐடிலிலேயே நொடிக்குச் சுமார் 27 முறை கிராங்கில் அடி விழும். ஒவ்வொரு அடிக்கும் கிராங்க், ஈரத்துணியைப் பிழிவதுபோல் இம்மியளவு முறுக்கிக்கொண்டு திரும்பும். குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த முறுக்கல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். அதை அடக்கத்தான் கிராங்கில் மாட்டும் ஹப், கனமான வெளி வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர் என்று புல்லியைச் செய்கிறார்கள். டீசலில் அடி பலம். அதோடு வயது, வெப்பம், முன்பக்க ஆயில் சீலின் கசிவு எல்லாம் சேர்ந்து ரப்பரைக் கெடுக்கும். சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் சிலவற்றில் ரப்பரே இல்லாத ஒற்றை வார்ப்புப் புல்லிதான். அந்த வண்டிக்கு "டேம்பர் போச்சு" என்றால் நம்பாதீர்கள்.

சோதனைக்கு ஒரு பெயிண்ட் மார்க்கர் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஹப், ரப்பர், வெளி வளையம் மூன்றையும் கடந்து ஒரே நேர்கோடு போடுங்கள். சில நாள் ஓட்டியபின் கோடு முறிந்து விலகியிருந்தால் வளையம் வழுக்குகிறது. ரப்பரில் வெடிப்பு, வெளியே பிதுங்கல், பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரிதல், டைமிங் கவரில் உரசிய தடம், ஐடிலில் வளையம் தள்ளாடுவது எல்லாம் அதே நோயின் அறிகுறிகள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. வளையம் கழன்றால் சார்ஜிங்கும் ஏசியும் நிற்கும். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடும் வண்டி சூடேறும். பிய்ந்த பெல்ட் துண்டு, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் டைமிங் தாவி, வால்வுகள் வளையவும் கூடும்.

கழற்றுவதில்தான் அதிகம் கெடுகிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, புல்லி பக்கத்துச் சக்கரத்தையும் உள் கவரையும் எடுத்து, பெல்ட் ஓடும் வழியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நடு போல்ட் மிக இறுக்கமாக இருக்கும். கிராங்க் சுற்றாமல் பிடிக்க ஃப்ளைவீல் லாக்கோ அந்த இன்ஜினுக்கான ஹோல்டரோ போட்டுத்தான் இளக்க வேண்டும். ஹோண்டா இன்ஜின்கள் பலவற்றில் ஹோல்டருக்கென்றே புல்லியில் 50 மி.மீ. அறுகோணக் குழி உண்டு. டைமிங்கைச் சரியாக வைக்கச் செருகும் பின்னைத் தடுப்பாக நம்பினால் பின் வளையும், சில சமயம் உடையும். ரெஞ்சை முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் பழக்கம் கையைப் பதம் பார்க்கும்.

ஃபோர்டின் டியூராடெக், சிக்மா பெட்ரோல் இன்ஜின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு (கிராங்கில் உள்ள பல் சக்கரம்) சாவி, அதாவது நழுவாமல் பூட்டும் சிறு உலோகத் துண்டு, கிடையாது. அந்த போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கைப் பிடித்திருக்கிறது. டைமிங்கை லாக் செய்யாமல் போல்ட்டை இளக்கினால் புல்லி வேலை டைமிங் வேலையாகிவிடும்.

புல்லி வராவிட்டால் ஹப்பில் திருகி இழுக்கும் கருவியான புல்லரைப் பயன்படுத்துங்கள். மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் நல்ல புல்லியின் ரப்பரும் பிரிந்துவிடும். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

புல்லி வெளியே இருக்கும்போதே ஆயில் சீலை மாற்றுங்கள். சாவியும் அதன் காடியும் அகன்றிருக்கிறதா, சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காடி அகன்ற கிராங்கில் புதுப் புல்லி நிற்காது. பொருந்தும் முகங்களைத் துடைத்து, புது போல்ட் போடுங்கள். குறிப்பிட்ட கோணம் திருப்பி இறுக்கும் போல்ட் பலவும் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும், திரும்பப் பயன்படாது. மரையில் ஆயிலா, உலர்வா என்பதை மேனுவல் சொல்லும். தவறினால் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் இறுக்கம் சரியாக இருக்காது. இம்பாக்ட் கன்னால் இறுக்குவது வெறும் ஊகம்.

எடை குறைந்த அலுமினியப் புல்லி என்று விற்பதில் ரப்பர் வளையமே இல்லை, தவிர்த்துவிடுங்கள். பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் கூடவே மாற்றுவது நல்லது. ஆல்டர்னேட்டரில் ஒருவழிப் புல்லி இருந்தால், அதன் ரோட்டரைப் பிடித்துக்கொண்டு கையால் சுற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் தளர்வாகச் சுற்ற வேண்டும். இரு பக்கமும் இறுகியிருந்தால், பெல்ட்டின் உதறல் மொத்தமும் புது டேம்பரின் ரப்பரில் போய் விழும்.